லயத்து முற்றத்தின் கதை – 17: சேவலா, பெட்டையா?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி எப்படி வந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பாத்தியைக் கிளறி, போட்ட விதையைத் தின்றுவிட்டுப் போகும் கோழிதான் இந்த வாரத்து விஷயம். கோழி என்றால் முழுக் கோழியும் இல்லை. முட்டையை உடைத்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு. அதைக் கையிலெடுத்து, இது சேவல், இது பெட்டை என்று பிரித்துச் சொல்லும் வித்தைக்கு நூறு வயதுதான் ஆகிறது. அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் அந்த வித்தை இல்லாமலே கோழி வளர்த்தான். நம் மலைநாட்டு லயங்களும் அப்படித்தான் வளர்த்தன. யாருக்கு, எப்போது, எதற்காக அந்த அவசரம் வந்தது?

தீனிக்குக் காசில்லாத கோழி

1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்ட பிறகு மலையெங்கும் பரவிய தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்த சனம், தன் ஊர்க் கோழி வளர்ப்பையும் கூடவே கொண்டுவந்தது. காம்பரா ஒன்று, அதற்கு முன்னால் இஸ்தோப்பு ஒன்று. மனிதருக்கே இடம் போதாத அந்த வீட்டில் கோழிக்குக் கிடைத்தது இஸ்தோப்பு மூலையில் ஒரு பலகைக் கூடு, இல்லையென்றால் கவிழ்த்த கூடை. விடிந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது கூடு திறக்கும். பிறகு அது தன் பாட்டுக்கு மேயும். சோற்றுப் பருக்கை, தவிடு, கான் ஓரத்துப் புழு, கரையான், தேயிலைத் தூருக்கடியில் கிடைக்கும் பூச்சி எல்லாம் அதன் தீனி. யாரும் காசு கொடுத்து வாங்கிப் போட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் சேவலுக்கும் வேலை இருந்தது, பெட்டைக்கும் வேலை இருந்தது. பெட்டை முட்டையிடும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு முட்டை, கடைக்கு நாலு முட்டை, அடை வைக்கப் பத்து முட்டை. சேவலுக்கோ சாமி காத்திருந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல், மாடசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல், தேயிலை ஸ்டோரில் இயந்திரத்துக்குக் காவலாக நிற்கும் ரோதைமுனிக்கு அறுக்கும் சேவல். கறுப்புச் சேவல் வேண்டும், செஞ்சேவல் வேண்டும் என்று நிறம் பார்த்துக் கேட்கும் சாமிகளும் உண்டு. பெட்டையைக் கொண்டுபோய் நிறுத்தி அந்த நேர்த்தியைக் கழிக்க முடியாது. தீபாவளிக்கு வரும் மருமகனுக்கும் சேவல்தான். கைச்செலவு முட்டினால் முதலில் விலைக்குப் போவதும் சேவல்தான். ஆகவே அடையிலிருந்து பத்துக் குஞ்சு பொரித்து அதில் ஆறு சேவலாகப் போனால் யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை.

"அம்மாயி, இது சேவக்குஞ்சா பொட்டக்குஞ்சா?"

"கொண்ட மொளைக்கட்டும்டா, அதுவே சொல்லும்."

லயங்களில் பேரனுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அதில் அறிவீனம் எதுவும் இல்லை. ஐந்தாறு வாரம் போனால் சேவல் குஞ்சின் கொண்டை பருத்துச் சிவக்கத் தொடங்கும். பெட்டையின் கொண்டை மஞ்சள் வெளிறிச் சிறுத்தே கிடக்கும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கழுத்திலும் இடுப்பிலும் முளைக்கும் இறகைப் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் அடியோடு போய்விடும். சேவலுக்கு நுனி கூர்மையாக, மினுமினுப்பாக இருக்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். அதற்குள் தொண்டை கரகரக்கக் கூவிப் பழகும் சேவல்களும் உண்டு. அதுவரை காத்திருக்கச் செலவு ஒன்றுமில்லை. செலவில்லாத இடத்தில் அவசரம் எதற்கு?

முட்டையைப் பார்த்துச் சொன்னவர்கள்

அவசரம் இல்லாவிட்டாலும் ஆசை இருந்தது. அடை வைக்கும் கிழவிகள் முட்டையை உருட்டிப் பார்த்து, கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று தரம் பிரிப்பதை இன்றும் காணலாம். இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நீண்டு கூர்மையான முட்டையில் பெட்டையும் உருண்டையான முட்டையில் சேவலும் வரும் என்று எழுதினார். முதலாம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய ரோமானியர் கொலுமெல்லா அதையே தலைகீழாக்கி, கூர் முட்டைதான் சேவல் என்றார். நம் கிழவிகள் கொலுமெல்லா கட்சி. இரண்டு கட்சியும் தோற்ற கட்சிதான். பாதிக்குப் பாதி சரியாக வருகிற காரியத்தில் எந்த ஜோசியமும் நெடுநாள் நிலைக்கும்.

முட்டையின் வடிவத்துக்கும் உள்ளிருக்கும் உயிரின் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் அணு. பறவையில் அது தாயின் கையில் இருக்கிறது. சேவலுக்கு இசட் என்ற நிறப்புரி இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாய் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. ஓடு கட்டுவதற்கு முன்பே இது முடிந்துபோன காரியம். அடை வைத்த பிறகு சூட்டைக் கூட்டிக் குறைத்தும் மாற்ற முடியாது.

வளர்ந்த கோழியே மனிதனை ஏமாற்றியதும் உண்டு. பெட்டைக்கு வேலை செய்வது இடப்பக்கத்துச் சூலகம் ஒன்றுதான். நோயிலோ முதுமையிலோ அது கெட்டுப்போனால் சில பெட்டைகளுக்குக் கொண்டை பெருக்கும், முள் முளைக்கும், கூவவும் செய்யும். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்ற பழமொழி இருக்கட்டும். கூவும் பெட்டை இருக்கத்தான் செய்கிறது. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்ட 'சேவல்' ஒன்றை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்து, இயற்கைக்கு விரோதமான குற்றம் என்று தீர்ப்பெழுதி உயிரோடு கொளுத்தினார்கள். சேவல் வேஷம் கட்டிய பெட்டையாக அது இருந்திருக்கும் என்பதே இன்றைய அறிவு சொல்லும் விளக்கம்.

போர் கற்பித்த நிறம்

அவசரம் முதலில் வந்தது இங்கிலாந்துக்கு. முதல் உலகப் போரின்போது கப்பல்கள் மூழ்க, தானியம் அருந்தலாயிற்று. மனிதனுக்கே தட்டுப்பாடான தானியத்தை முட்டையிடாத சேவல் குஞ்சுக்குப் போடுவதா என்ற கேள்வி எழுந்தது. உணவு உற்பத்தித் துறைக்குப் பணிசெய்த கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் ஒரு வழி சொன்னார்: குஞ்சின் நிறத்திலேயே பாலைக் காட்டும்படி கோழிகளை இணை சேர்க்கலாம்.

அதன் சூட்சுமம் எளிது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் லைட் சசெக்ஸ் பெட்டையையும் சேர்த்தால், வெளிறிய மஞ்சளாகப் பொரிப்பவை எல்லாம் சேவல். செம்பழுப்பாகப் பொரிப்பவை எல்லாம் பெட்டை. வெள்ளி நிறத்தைத் தரும் மரபணு தாயின் இசட்டில் இருக்கிறது. அந்த இசட்டைத் தாய் மகனுக்கு மட்டுமே கொடுக்கிறாள். மகளுக்குப் போவது டபிள்யூ. அவளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்து மட்டும், அதில் இருப்பது செம்பொன் நிறம். ஆகவே மகன் தாயைக் கொள்கிறான், மகள் தகப்பனைக் கொள்கிறாள். வேறு இனத்தோடு இணை சேர்க்காமல், தன் இனத்துக்குள்ளேயே தலைமுறைதோறும் நிறம் காட்டும் கோழியையும் பன்னெட் தேடினார். மைக்கேல் பீஸுடன் சேர்ந்து அவர் 1929இல் உருவாக்கிய 'கேம்பார்' அந்த வகையில் முதலாவது.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. பெற்றோர் இனம் சரியாக அமைந்தால்தான் நிறம் பேசும். உலகத்தில் அதிகம் முட்டையிட்ட வெள்ளை லெகார்ன் இனத்தில் குஞ்சுகள் எல்லாம் ஒரே மஞ்சள். அங்கே நிறம் வாய் திறக்காது.

ஜப்பானியர் விரல்

அந்த மஞ்சள் குஞ்சுக்கு வழி கண்டவர்கள் ஜப்பானியர். டோக்கியோவைச் சேர்ந்த கியோஷி மசூயி தன் சகாக்களோடு 1920களில் குஞ்சின் எச்சத் துவாரத்தை ஆராய்ந்தார். சேவல் குஞ்சில் துவாரத்தின் உள்விளிம்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு மணி புடைத்து நிற்கும். பெட்டையில் அது இருக்காது, அல்லது தட்டையாகத் தேய்ந்திருக்கும். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் அவர்கள் இதை அறிவித்தார்கள்.

கேட்க எளிது, செய்யக் கடினம். குஞ்சை இடக்கையில் அடக்கி, வயிற்றை இலேசாக அமுக்கி எச்சத்தைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, பெருவிரலால் துவாரத்தை மலர்த்தி, கண் கூசும் விளக்கடியில் பார்க்க வேண்டும். பார்வை விழும் நேரம் ஒரு கணம். பொரித்து ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு தசை இறுகிவிடும். மணி எல்லாக் குஞ்சிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில சேவலில் சிறுத்திருக்கும், சில பெட்டையில் கொஞ்சம் எழும்பியிருக்கும். அழுத்தம் கூடினால் குஞ்சின் குடல் போய்விடும். தேர்ந்த கை மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்க்கும். நூற்றில் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். அந்த நிலைக்கு வர இரண்டு மூன்று வருடப் பழக்கம் வேண்டும்.

ஜப்பானில் இதற்கென்றே பள்ளிக்கூடம் நடந்தது. அங்கு தேறியவர்கள் 1930களில் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பொரிப்பகங்களுக்குக் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் ஜான் நிட்டா 1937இல் இதற்கான சங்கத்தையும் பயிற்சியையும் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முள்வேலிக்குள் அடைத்தபோதும், முட்டை உற்பத்திக்கு ஆள் வேண்டியிருந்ததால் குஞ்சு பிரிக்கத் தெரிந்தவர்கள் பலர் வெளியே வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சந்தேகத்துக்குரிய இனம் என்று அடைத்த அரசுக்கு அவர்களுடைய விரல் மட்டும் தேவைப்பட்டது.

"எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் அந்தக் கைகளுக்குச் சொல்லத் தெரியாது என்பது நெடுநாள் பேச்சு. 1987இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதைச் சோதித்தார்கள். மணியின் மேடு உருண்டிருக்கிறதா, தட்டையாகவோ குழிந்தோ இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு சிறு குறிப்பைக் கொடுத்ததும், ஒன்றும் தெரியாதவர்கள் படங்களில் சரியாகச் சொன்னது 60 சதவீதத்திலிருந்து 84 சதவீதத்துக்கு ஏறியது. எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் வித்தையின் பெரும்பகுதி கைமாறிவிடுகிறது. மிச்சத்துக்குத்தான் வருடங்கள்.

செக்ரோலின் இரண்டு பத்தி

ஒட்டாவாவில் அந்த அறிவிப்பு வந்த அதே 1927இல்தான் இலங்கைத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி, பிள்ளைக்கு அதையும்விடக் குறைந்த கூலி. கொழுந்தில் பெரும்பங்கைப் பறித்தது பெண். மழையிலும் பனியிலும் கூடை சுமந்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தது பெண். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஆணைவிடக் குறைவாகப் பேர் விழுந்ததும் பெண்ணுக்குத்தான். 1984இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாயிற்று.

கோழிப் பண்ணையில் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. அங்கே விலை உள்ளது பெட்டை. சேவலுக்கு விலையே இல்லை. இரண்டு பேரேட்டிலும் யாருடைய உழைப்பு எவ்வளவு பெறும் என்று எழுதியவர் முதலாளிதான். பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்கியதும் அவர்தான். கோழியின் பாலை முதல் நாளே அறிய வேண்டும் என்ற கட்டாயம் தீனிக்குக் காசு கொடுத்தவனின் பேரேட்டிலிருந்து பிறந்தது. விஞ்ஞானிகள் அந்தக் கட்டாயத்துக்கு விடை கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

மலையேறிய பெட்டி

இலங்கையில் கலப்பினக் கோழி பரவியபோது, பிரிக்கும் வேலை மலைக்குக் கீழேயே முடிந்துவிட்டது. கண்டிக்கு அருகே குண்டசாலை, கரந்தகொல்லையில் அரசின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரிய தனியார் பொரிப்பகங்கள் தாழ்நாட்டில் பெருகின. அங்கிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்தது ஏற்கெனவே வகை பிரித்த குஞ்சு. துளையிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து. பொரிக்கும் தறுவாயில் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும் என்பதால், தீனியும் தண்ணீரும் இல்லாமலே வேனிலும் பஸ்ஸிலும் குஞ்சு மலையேறிவிடும்.

குளிர் வேறு விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகை அளவு. முதல் வாரக் குஞ்சுக்கு 32 பாகைக்கு மேல் சூடு வேண்டும். லயத்தில் இதற்கு வழி ஒரு பிஸ்கட் பெட்டி, அதற்குள் உமி, மேலே தொங்கும் ஒரு குண்டு பல்பு, சுற்றி ஒரு பழைய சாக்கு. பெட்டியை அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி வைப்பார்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் சூடு போதவில்லை. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு கூடிவிட்டது. இரவில் மின்சாரம் போனால் விடியும்போது பாதிதான் மிஞ்சும். அதனால்தான் ஒரு மாதம் வளர்த்த குஞ்சை மிருக வைத்திய அலுவலகம் வழியாக வாங்குவதை மலையில் பலர் விரும்புகிறார்கள். விலை கூடினாலும் குளிர் தாண்டிய குஞ்சு. அதற்குள் கொண்டையும் கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்கும்.

ஒரு நாள் குஞ்சு வாங்குகிறவர்களுக்குச் சந்தையில் ஒரே கேள்விதான்.

"அண்ணே, எல்லாம் பொட்டதானே?"

"பொட்டதான் தங்கச்சி, பயப்படாம கொண்டு போ."

அந்த வாக்கை நம்பத்தான் வேண்டும் என்றில்லை. பழுப்பு முட்டையிடும் கலப்பினக் குஞ்சானால் பன்னெட் சொன்ன நிறக் கணக்கு அங்கே வேலை செய்கிறது. செம்பழுப்புக் குஞ்சு பெட்டை, வெளிறிய மஞ்சள் சேவல். பெட்டியில் மஞ்சள் அதிகம் தெரிந்தால் கையை எடுத்துவிடலாம். சிறகைப் பார்ப்பது இன்னொரு வழி. அதற்கென்று இணை சேர்த்த இனத்தில், பொரித்த முதல் நாளில் இறக்கையை விரித்தால் பெட்டைக்குக் கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டு வரிசையும் ஒரே நீளம், அல்லது மேல்வரிசை நீளம். சில நாள் தாண்டினால் இது பயன்படாது. நம் நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் பெற்றோரை யாரும் அப்படித் தேர்ந்து சேர்க்கவில்லை. அங்கே நீண்ட இறகு சேவலுக்கும் இருக்கும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்ப்பதும் கூர் முட்டை ஜோசியத்தோடு சேர்ந்தவை.

பெட்டியில் ஏறாத பாதி

மலைக்கு வந்த பெட்டியில் பெட்டைகள் இருந்தன. கூடப் பொரித்த சேவல்கள் எங்கே போயின? முட்டைக்கென்றே உருவாக்கிய இனத்தில் சேவல் சதை பிடிக்காது. இறைச்சிக்கு வேறு இனம் வந்துவிட்டதால் அதை வளர்க்க ஆளில்லை. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 700 கோடி சேவல் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பச்சையும் சிவப்பும் சாயம் பூசி, கூடையில் வைத்து விற்கும் 'கலர் கோழிக்குஞ்சு' பெரும்பாலும் இப்படித் தள்ளுபடியான சேவல்தான். பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போகும். வாரம் தாண்டுவது சில.

மனச்சாட்சி உறுத்தியதோ, வாடிக்கையாளர் கேள்வி கேட்டதோ, ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இந்தக் கொலையைத் தடைசெய்தது. பிரான்சும் அதே வழியில் போனது. அதற்கு உதவியது முட்டைக்குள்ளேயே பால் அறியும் தொழில்நுட்பம். ஓட்டில் நுண்ணிய துளையிட்டு ஒரு துளி திரவம் எடுத்து ஹோர்மோன் பார்க்கிறார்கள்; அல்லது ஓட்டை ஊடுருவும் ஒளியில் கருவின் இறகு நிறத்தைப் படிக்கிறார்கள். சேவல் என்று தெரிந்த முட்டை பொரிக்காமலே தீனித் தூளாகிவிடும். முட்டையைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த ஆசை இப்படி நிறைவேறியது. குஞ்சின் கணக்கு முன்னே தள்ளப்பட்டிருக்கிறதே தவிர, கணக்கு மாறவில்லை. சேவலுக்கு இடமில்லாத கோழி இனத்தை வைத்துக்கொண்டு, அதைக் கொல்லும் நாளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சேவலையும் வளர்த்து விற்கும் முயற்சிகள் ஐரோப்பாவில் உண்டு. தீனிச் செலவு அதற்குத் தடையாக நிற்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி முடங்கி, சோளம் இல்லாமல் பண்ணைகள் தள்ளாடின. 2023இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை வரவழைத்தது. கலப்பினக் கோழியின் பலவீனம் அப்போது நாடறியத் தெரிந்தது. தாய்க்கோழிக்கும் தீனிக்கும் வெளிநாட்டை எதிர்பார்த்து, பிறந்த பாதியைக் கழித்துவிட்டு நடக்கும் தொழில் அது. வருடத்துக்கு முந்நூறு முட்டை தரும் அந்தக் கோழியை நான் குறை சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றிக் கவலைப்படும் எவரும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது அறுபது முட்டையோடு நின்றுவிடும் நாட்டுக்கோழியைப் பிற்போக்கு என்று தள்ளும் அதிகாரிகள் ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் எந்தக் குஞ்சும் வீண் இல்லை. சேவல் சாமிக்கு, விருந்துக்கு, விற்பனைக்கு. பெட்டை முட்டைக்கு, அடைக்கு. லயத்துக்கு அரசோ தொண்டு நிறுவனமோ கோழி கொடுக்கும்போது, தலைக்குப் பத்துப் பெட்டை என்று கணக்குத் தீர்ப்பதோடு நாட்டுச் சேவல் ஒன்றையும் அடை கிடக்கும் நாட்டுப் பெட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த தலைமுறைக் குஞ்சு முற்றத்திலேயே பொரிக்கும். அதற்குப் பெட்டியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், பிரித்துச் சொல்ல ஆளும் வேண்டாம்.

அடுத்த வாரம்: லயத்துக் கோடியில் மாட்டுப்பட்டி. பால் யாருக்கு, சாணி யாருக்கு என்று நடந்த வழக்குகள்.

(தொடரும்)